நிறைய என்றால் எத்தனை

ஜூன் 3, திங்கள்

நர்சிங் காலேஜிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். பெயர் பிரிசில்லா. எங்களைப் போலவே வார்டில் வேலை பார்த்துவிட்டு, பிறகு படித்து டாக்டர் பட்டம் வாங்கியவராம். லேபர் வார்டு நர்சுகள் எல்லோரும் ஆராய்ச்சியில் பங்கெடுக்க வேண்டும் என்று கால் மணி நேரம் பேசினார். கையில் பதினாலு பக்கத்தில் ஒரு படிவம்.

மற்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் இன்சார்ஜ், இருபத்திரண்டு வருட சர்வீஸ். நான்தானே பேச வேண்டும்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. எட்டுக் கட்டிலு, ஷிஃப்டுக்கு ரெண்டு பேரு. ஏற்கெனவே பதினோரு ரிஜிஸ்டர் எழுதறோமுங்க. நீங்க பன்னெண்டாவது ஒண்ணக் குடுத்தீங்கன்னா, பிரசவத்த யாரு பாக்கறது?"

ஷம்சாத் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினாள். ஒப்பந்த நர்சாகச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது, அதற்குள் என் பேச்சுக்கு எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டாள். பிரிசில்லா மேடம் கோபப்படவில்லை. "நியாயம்தான் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் படிவத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து மாவு ஆட்டினேன். அடிவயிறு எரிகிறது. வெயில். பார்லித் தண்ணீர் குடித்தேன்.

ஜூன் 6, வியாழன்

மூன்று பிரசவம். மூன்றும் சுகம்.

ஆனால் தங்கமணி என்ற பெண் பயமுறுத்திவிட்டாள். விடியற்காலையில் குழந்தை பிறந்தது. பத்தரை மணிக்குப் பார்த்தால் விரிப்பெல்லாம் ரத்தம். வயிற்றில் கை வைத்தேன். கர்ப்பப்பை தொப்புளுக்கு மேலே ஏறி, வலப்பக்கம் சாய்ந்து, பிசைந்த மாவு போலக் கிடந்தது. சிறுநீர்ப்பை நிரம்பினால் இப்படித்தான். அது கர்ப்பப்பையைச் சுருங்க விடாது, ரத்தமும் நிற்காது. டியூப் போட்டேன். தொள்ளாயிரம் மில்லி வந்தது. ஐந்தே நிமிடத்தில் கர்ப்பப்பை என் கைக்குள் கல் மாதிரி இறுகியது. டாக்டர் வந்து சேர்ந்தபோது நான் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, பிரசவமாயி ஆறு மணி நேரம் ஆச்சு. ஒண்ணுக்குப் போகலைன்னு சொல்ல வாயில்லையா? வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கறே?" என்று ஒரு சத்தம் போட்டேன். அழுதாள். ஒரு சத்தம் போட்டால்தான் இவர்களுக்குப் புரியும். என் சத்தத்துக்கே பாதிக் குழந்தை வெளியே வந்துவிடும் என்று வார்டு ஆயா மாராயி அக்கா சொல்வாள்.

ஜூன் 12, புதன்

பிரிசில்லா மேடம் படிவங்களை வாங்க வந்தார். ஒன்றுமே நிரப்பாமல் அப்படியே கிடந்தன. அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், அதில் குறை வைக்கக் கூடாது. பேச்சுவாக்கில் தங்கமணி கதையைச் சொன்னேன். பிரசவமான பெண்கள் பாத்ரூம் போகாமல் அடக்கிக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் ரத்தப்போக்கு வருகிறது, இதை யாரும் கண்டுகொள்வதில்லை என்றேன்.

"இந்த மாதிரி எத்தன பேரு இருப்பாங்க சிஸ்டர்?"

"நெறையப் பேருங்க."

"நெறையன்னா எத்தன?"

நான் வாயைத் திறந்தேன். எண் வரவில்லை. அவர் டீயைக் குடித்து முடிக்கிற வரைக்கும் வரவில்லை.

ஜூன் 13, வியாழன்

இருபத்திரண்டு வருடம். பத்தாயிரம் பிரசவமாவது பார்த்திருப்பேன். எத்தனை என்று ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தோசை இரண்டு கருகிப்போயின. ஏன் என்று கேட்ட வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன்.

ஜூன் 19, புதன்

நானே பிரிசில்லா மேடத்துக்கு போன் செய்தேன். மத்தியானமே வந்துவிட்டார். பதினாலு பக்கப் படிவத்தை என் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டார்.

"அது என் கேள்வி சிஸ்டர். இது உங்க கேள்வி. உங்க கேள்வியத்தான் ஆராய்ச்சி பண்ணணும்."

இருவருமாக உட்கார்ந்து ஒரே தாளில் ஐந்து கட்டம் போட்டோம். பிரசவமான நேரம். முதல் தடவை சிறுநீர் போன நேரம். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனால் ஏன் என்று அந்தப் பெண்ணின் வாயாலேயே காரணம். ரத்தப்போக்கு அதிகமா. எழுதியவர் கையெழுத்து. அவ்வளவுதான்.

நான் ஒரு நிபந்தனை வைத்தேன். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். கேஸ் ஷீட்டில் எழுதியதையே பார்த்துப் பார்த்து இன்னொரு ரிஜிஸ்டரில் எழுதுகிறோமே, அது எதற்கு? மேடம் சீஃப் டாக்டரிடம் போய், ஆராய்ச்சி முடிகிற வரைக்கும் அந்த ரிஜிஸ்டர் வேண்டாம் என்று அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். ஷிஃப்டுக்கு இருபது நிமிடம் மிச்சம்! இத்தனை வருடத்தில் எல்லோரும் எங்களிடம் வேலையைக் கொடுத்திருக்கிறார்களே தவிர, எடுத்துக்கொண்டு போனதில்லை.

ஜூன் 29, சனி

காலேஜ் கமிட்டியிலிருந்து அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. தாய்மார்களிடம் விவரம் சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் எழுத வேண்டும். சம்மதம் இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

நர்சுகளைக் கூப்பிட்டுப் பேசினேன். ஷம்சாத், "அக்கா, சாப்பிடவே நேரமில்ல, இதுல ஆராய்ச்சியா?" என்றாலும் தாளை வாங்கிக்கொண்டாள். விமலா வாங்கவே இல்லை. "என்னால ஆகாதுங்கக்கா. வீட்டுல மாமியாருக்குப் பக்கவாதம். இங்க முடிச்சுட்டு அங்க போயி இன்னொரு டியூட்டி. என்னய உட்டுருங்க."

எழுதித்தான் ஆக வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். பிரிசில்லா மேடம் என் கையைத் தொட்டார். "கட்டாயப்படுத்தக் கூடாது சிஸ்டர். தாய்மாருக்கு உள்ள உரிமை நர்சுக்கும் உண்டு."

சரி. விமலா ஷிஃப்டில் உடன் இருப்பவர் எழுதட்டும்.

ஜூலை 1, திங்கள்

தொடங்கிவிட்டோம். நான்கு வாரம். முதல் தாளில் முதல் வரி என் கையெழுத்து.

ஜூலை 8, திங்கள்

முதல் வாரம் முடிந்தது. என் ஷிஃப்டில் எல்லாம் நிரம்பியிருக்கிறது. மற்ற ஷிஃப்டில் ஆறு பெண்களுக்குக் கட்டம் காலி. நாளை மேடம் வந்து பார்த்தால் என் வார்டைப் பற்றி என்ன நினைப்பார்? அந்த ஆறையும் நானே நிரப்பினேன். எப்படியும் சுமார் இரண்டு மணி நேரத்தில் போயிருப்பார்கள். இத்தனை வருட அனுபவத்துக்கு இதுகூடத் தெரியாதா?

ஜூலை 9, செவ்வாய்

மேடம் தாள்களை ஒவ்வொரு வரியாகப் படித்தார். விரலை வைத்துக்கொண்டு, மளிகைச் சீட்டைச் சரிபார்ப்பது போல. அந்த ஆறு வரியில் விரல் நின்றது.

"ஆறு பேரும் சரியா ரெண்டு மணி நேரத்துலயா போனாங்க?"

வார்டில் ஷம்சாத், மாராயி அக்கா, இரண்டு தாய்மார்கள். "அது நாந்தான் போட்டதுங்க மேடம். சுமாரா" என்றேன்.

அவர் சிவப்புப் பேனாவை என்னிடமே நீட்டினார். ஆறு வரியிலும் நானே கோடு போட்டேன். எத்தனையோ பேர் முன்னால் நான் ஆள்களைத் திட்டியிருக்கிறேன். நாலு பேர் முன்னால் என் எழுத்திலேயே கோடு போட்டது இதுதான் முதல் தடவை.

மேடம் போன பிறகு ஷம்சாத் பக்கத்தில் வந்தாள். "அக்கா, அப்ப நாம எழுதறத நெசமாலுமே படிக்கறாங்களா?"

"படிக்கறாங்க. பாத்தீல்ல?"

"நானு இந்த ஒரு வருசத்துல எத்தன ரிஜிஸ்டர் எழுதியிருப்பேன். ஒருத்தரும் படிச்சதில்லைங்கக்கா" என்றாள்.

ஜூலை 12, வெள்ளி

மூன்று நாளாக ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. யாரையும் நான் ஒரு சத்தம் போடவில்லை.

மாராயி அக்காவுக்குத்தான் கோபம். "என்னைய ஏனுங்க சேத்துக்கல? காரணமெல்லாம் எங்கிட்டதானுங்க சொல்றாளுக. உங்ககிட்டச் சொல்லுவாளுகளா?" அவளுக்கு எழுதத் தெரியாது. தாய்மார்களிடம் கேட்டு வந்து அவள் சொல்வது, ஷம்சாத் எழுதுவது என்று ஏற்பாடு. மேடமும் சரி என்றார். வராந்தாவில் ஆம்பளைகள் நிற்கிறார்கள், பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தையல் எரிகிறது என்றெல்லாம் சொல்கிறார்களாம். நான் அந்த வராந்தாவில் தினம் நாற்பது தடவை நடக்கிறேன். தாழ்ப்பாள் இல்லாதது எனக்கு இன்றுதான் தெரியும்.

ஜூலை 17, புதன்

காய்ச்சல். விடுப்பு.

ஜூலை 18, வியாழன்

காய்ச்சலோடு டியூட்டிக்குப் போயிருக்கக் கூடாது. பதினொரு மணிக்குக் குளிர் தூக்கிப்போட்டது. ஷம்சாத் பிடித்துப் படுக்க வைத்தாள். இடுப்பில் தட்டிப் பார்த்தாள், நான் துள்ளிவிட்டேன். சிறுநீரில் கிருமி, சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டதாம்.

"காலைல இருந்து எத்தன தடவ பாத்ரூம் போனீங்கக்கா?"

"போனேன் போனேன்."

"எத்தனன்னு கேட்டேன்."

இந்தப் பெண்ணுக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தது யார்? நானேதான். ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பும்போது போனதுதான், திரும்பி வந்துதான் அடுத்தது என்று சொல்ல வேண்டியதாயிற்று. இன்று மட்டுமல்ல என்பதை நான் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தாள். காலையில் நிரப்பியது, நிரப்பியபடியே இருந்தது.

நர்சுகள் பாத்ரூமில் குளுக்கோஸ் பெட்டிகளை அடுக்கி மூன்று வருடம் ஆகிறது. அடுக்கச் சொன்னது நான்தான். வேறு இடம் இல்லை.

ஜூலை 22, திங்கள்

நான்கு நாள் ஊசி, மாத்திரை. இன்று டியூட்டி. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு புதுத் தாள் ஒட்டியிருக்கிறது. நர்சுகளின் பெயர், ஷிஃப்டில் எத்தனை தடவை தண்ணீர் குடித்தோம், எத்தனை தடவை போனோம். யாரும் யாரிடமும் சொல்லவில்லையாம், தானாகவே ஒட்டிக்கொண்டதாம். ஷம்சாத்தின் கையெழுத்து எனக்குத் தெரியாதா!

எல்லோரும் குறித்திருக்கிறார்கள். பாதிக் கட்டத்தில் சுழியம். விமலாகூடக் குறித்திருக்கிறாள்: தண்ணீர் ஒன்று, போனது சுழியம். பக்கத்தில் சின்னதாக, "வீட்லயும் இதே கதைதான்" என்று எழுதியிருக்கிறாள்.

குளுக்கோஸ் பெட்டிகளை நானும் மாராயி அக்காவும் வெளியே தூக்கிப்போட்டோம். நான் மூன்று பெட்டி, அவள் பதினொன்று.

ஜூலை 28, ஞாயிறு

நான்கு வாரம் முடிந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மேடம் கூட்டிக் கழித்துக்கொண்டு வந்தார். அடித்த ஆறு போக, தொண்ணூற்றாறு தாய்மார்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் அடக்கியவர்கள் முப்பத்தொரு பேர். மூன்றில் ஒருத்தி! ரத்தப்போக்கு அதிகமானவர்கள் அந்த முப்பத்தொன்றில் ஐந்து பேர், மற்ற அறுபத்தைந்தில் இரண்டே பேர். சின்ன எண்ணிக்கை, இதை வைத்து முடிவு கட்ட முடியாது, ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம்தான் என்றார். என் இருபத்திரண்டு வருடத்துக்கு இப்போதுதான் ஒரு எண் கிடைத்திருக்கிறது. பெருமையாக இருந்தது.

காரணங்கள்: ஆண்கள் நிற்பது பதினொன்று. தாழ்ப்பாள் ஆறு. தையல் எரிச்சல் ஐந்து. வேறு காரணம் ஒன்பது.

"வேறு காரணம்னா என்ன?" என்று மேடம் கேட்டார். ஷம்சாத் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாராயி அக்காவைப் பார்த்தேன். "நீதானக்கா கேட்டு வந்தே, சொல்லு."

"வேண்டாமுங்க சிஸ்டரம்மா."

"சொல்லுன்னா."

"சிஸ்டர் திட்டுவாங்கன்னு பயமுங்க. எந்திரிச்சா ஏன் எந்திரிச்சேங்கறாங்க, படுத்துருந்தா ஏன் படுத்துருக்கறேங்கறாங்க. அதுக்கு அடக்கிட்டே படுத்துக்கலாம்னு சொன்னாளுக. இந்தப் புள்ளதான் அதய வேற காரணம்னு எழுதிருச்சு."

நான் சிரித்தேன். எந்த சிஸ்டர் என்று கேட்டேன். தாளை வாங்கி நானே பார்த்தேன். ஒன்பதில் ஏழு காலை ஷிஃப்ட். காலை ஷிஃப்டில் மற்றவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். மாறாதவள் நான் ஒருத்திதான்.

ஆகஸ்ட் 7, புதன்

அவர்கள் நல்லதுக்குத்தான் சத்தம் போட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

'வேறு காரணம்' என்றே விட்டுவிட்டாலும் தப்பில்லை என்று ஷம்சாத் மெதுவாகச் சொன்னாள். சீஃப் டாக்டர் முன்னால் பேசப்போவது நான், அதனால் எனக்காகச் சொன்னாள். நல்ல பெண்.

ஒன்பது தாளையும் அவளிடம் கொடுத்தேன். "அழிக்காத. கோடு போட்டு, மேல அவங்க சொன்னத அப்படியே எழுது. கையெழுத்துப் போடு."

எழுதினாள். பக்கத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 14, புதன்

கூட்ட அறையில் சீஃப் டாக்டர், எல்லா வார்டு நர்சுகளும். கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டு போனேன். மேடம் பேசுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாதியில் சீஃப் நிறுத்தினார். "ஏம்மா, இது என்ன, ஆஸ்பத்திரி மேல புகாரா?"

"புகாரில்லீங்க சார். எண்ணிக்கை. பதினோரு பேத்துக்கு வராந்தா காரணம். ஆறு பேத்துக்குத் தாப்பா காரணம். இந்த ஒம்பது பேத்துக்குக் கதவும் காரணமில்ல, வராந்தாவும் காரணமில்ல. நாங்க காரணம். சிஸ்டர் திட்டுவாங்கன்னு பயம். அந்த ஒம்பதுல ஏழு என்னோட ஷிஃப்டுங்க."

சீஃப் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் கேட்டார்: "தாப்பா மாட்ட எத்தன நாளாகும்?" பின்னால் யாரோ "அரை மணி நேரம் சார்" என்றார்கள். சிரிப்பு. நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

முடிந்து வெளியே வந்தபோது விமலா காத்திருந்தாள். "அக்கா, அடுத்த தடவ எனக்கும் ஒரு தாளு குடுங்க. ஷிஃப்டுக்குள்ளயே முடிஞ்சுரும்னா எழுதறேன்" என்றாள். ஆண்கள் சர்ஜிகல் வார்டு இன்சார்ஜ் லூர்து மேரி அக்கா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். அவர் வார்டில் கட்டுப் பிரிக்கும்போது நோயாளிகள் கத்துகிறார்களாம், வலி மாத்திரை கொடுத்து எத்தனை நிமிடம் கழித்துப் பிரித்தால் கத்த மாட்டார்கள் என்று யாருக்கும் தெரியாதாம். "நீ ஆரம்பிச்சது மாதிரி எப்படிம்மா ஆரம்பிக்கறது?"

"மொதல்ல உங்க ரிஜிஸ்டர்ல எது தேவையில்லாததுன்னு பாருங்கக்கா" என்றேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

தாழ்ப்பாள் மாட்டியாகிவிட்டது. ஆண்கள் உட்காரும் பெஞ்சுகள் மாடிப்படிப் பக்கம் போய்விட்டன. வார்டுக்குள்ளேயே ஒரு பாத்ரூம் கேட்டு எழுதியிருக்கிறோம், அது எப்போது வருமோ. தையல் எரிச்சலுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் வைக்கிறோம்.

திங்கள் முதல் இரண்டாவது எண்ணிக்கை. அந்த ஒன்பது பேரின் பயத்துக்கு மட்டும் மாட்டுவதற்குத் தாழ்ப்பாள் எதுவும் இல்லை. சத்தம் போடாமல் இருப்பது பிரசவம் பார்ப்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. நேற்றுகூட ஒருத்தியிடம் ஆரம்பித்துவிட்டேன், பாதியில் நிறுத்தினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நானே கட்டில் கட்டிலாகப் போய், "போகோணுமா கண்ணு?" என்று கேட்கிறேன். முதல் நாள் மாராயி அக்கா சிரிப்பை அடக்க வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

இரண்டாவது எண்ணிக்கையில் இதுவரை நாற்பத்தொன்பது பேர். ஆறு மணி நேரம் தாண்டியவர்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேர் இன்னமும் பயம் என்றிருக்கிறார்கள். இருவரும் என் ஷிஃப்ட். எழுதியாயிற்று.

இன்று காலை ஒன்பது மணிக்குச் சிவகாமிக்குப் பெண் குழந்தை. முதல் பிரசவம், பத்தொன்பது வயது. துணைக்கு வந்த அத்தை சாப்பிடப் போயிருந்தாள். பத்தே முக்காலுக்கு நான் மருந்து அலமாரியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல்.

"சிஸ்டர், பாத்ரூம் போகோணுமுங்க."

மாராயி அக்கா அதற்குள் எழுந்து வந்தாள். சிவகாமி தலையை ஆட்டினாள். "இந்தம்மா வேண்டாமுங்க, வெடுக்கு வெடுக்குன்னு நடக்கறாங்க. நீங்க வாங்க சிஸ்டர்."

மாராயி அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அலமாரியைப் பூட்டினேன். சிவகாமி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஓர் அடி வைப்பாள், நிற்பாள். நானும் நின்றேன். வழியில் இரண்டு பேர் என்னைக் கூப்பிட்டார்கள், வருகிறேன் என்று கையைக் காட்டினேன். உள்ளே போனவள் கதவைச் சாத்திவிட்டு, "சிஸ்டர், போயிராதீங்க" என்றாள்.

"போகல கண்ணு. இங்கதான் நிக்கறேன்" என்றேன்.